வண்டி கொதித்தால் முதலில் எதைப் பார்ப்பது?

தொழிற்கல்விப் பகுதி



சென்ற இதழில் பேட்டரி பராமரிப்பைப் பார்த்தோம். அடுத்து பிரேக் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தோம். அதற்குள் நம் மஹல்லாவில் நடந்த ஒரு சம்பவம் பாடத்தை மாற்ற வைத்துவிட்டது. பிரேக் பாடம் இன்ஷா அல்லாஹ் அடுத்த இதழில் வரும்.

அண்ணனும் தம்பியுமாக இரண்டு பிள்ளைகள். பழைய ஜீப் ஒன்றை வாங்கி, தேய்ந்துபோன பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு, வேறொரு வண்டியின் டீசல் எஞ்சினை வீட்டு வாசலிலேயே வைத்துப் பொருத்தினார்கள். ஏழெட்டு மாத உழைப்பு. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போய் குடும்பத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் எண்ணம். வண்டி ஓடியது, ஆனால் கொதித்தது. ரேடியேட்டரைப் புதிதாக மாற்றியும் கொதித்தது. வாட்டர் பம்பை மாற்றியும் கொதித்தது.

ஒரு நாள் வீட்டாரை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு ஏற்றத்தில் போகும்போது வெப்ப மீட்டரின் முள் உச்சிக்குப் போய், பிறகு திடீரென்று கீழே இறங்கியது. 'ஆறிவிட்டது' என்று நினைத்து இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினார்கள். பானட்டுக்கு அடியிலிருந்து புகை மாதிரி ஆவி கிளம்பியது. நிறுத்தியதும் தம்பி இறங்கிப் போய் ரேடியேட்டர் மூடியைத் திறந்தான். சீறி வந்த ஆவியும் கொதிநீரும் முன்கை முழுவதையும் வேகவைத்துவிட்டன. முகத்தில் படாமல் போனது அல்லாஹ்வின் கருணை. பிள்ளை இப்போது தேறி வருகிறான், அல்ஹம்துலில்லாஹ்.

அந்தக் குடும்பத்தின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறோம். சொந்தமாக வண்டி கட்டுபவர்கள் மட்டுமல்ல, வீட்டில் கார், ஆட்டோ, வேன் என எது வைத்திருப்பவர்களும், பட்டறையில் தொழில் பழகும் பிள்ளைகளும் இதைப் படித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் விதி: சூடான மூடியைத் தொடாதீர்கள்

திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைக்கிறது. 0.9 பார் அழுத்தம் தாங்கும் மூடி போட்டிருந்தால், வெறும் தண்ணீர்கூட ஏறக்குறைய 118 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். அந்த நிலையில் மூடியைத் திறந்தால் அழுத்தம் ஒரே நொடியில் போய்விடும். அதுவரை அடங்கியிருந்த தண்ணீர் அந்த நொடியே ஆவியாகப் பொங்கி வெளியே பாயும். பிரஷர் குக்கரில் விசில் அடங்கும் முன் மூடியைத் திறந்தால் என்ன நடக்குமோ அதேதான். சமையலறையில் எந்தத் தாயும் செய்யாத காரியத்தைச் சாலையோரத்தில் நம் பிள்ளைகள் செய்கிறார்கள்.

எவ்வளவு நேரம் பொறுப்பது? குறைந்தது அரை மணி நேரம். ஒளுச் செய்து ஒரு வக்து தொழுதுவிட்டு வந்தாலும் சூடு மிச்சம் இருக்கும். ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையால் பிடித்து, சுடாமல் வைத்திருக்க முடிகிற வரை மூடியில் கை வைக்கக் கூடாது. பிறகும் தடித்த துணியை மடித்து மூடியின் மேல் போட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு, முதல் தடை வரை மட்டும் திருப்பி மிச்ச அழுத்தம் வெளியேறிய பின் முழுதாகத் திறக்க வேண்டும்.

கொதிநீர் பட்டுவிட்டால்: உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ், பற்பசை, மை, மஞ்சள் எதுவும் வேண்டாம். மோதிரம், வளையல், கடிகாரம் இருந்தால் வீங்கும் முன் கழற்றுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவமனைக்குப் போங்கள். முகம், கண், மூட்டு என்றால் 108-ஐ அழைக்கத் தயங்காதீர்கள்.

எஞ்சின் எப்படிக் குளிர்கிறது?

நாம் ஊற்றும் எரிபொருளின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றும் வேலைக்குப் போகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியாகச் சூடாக வெளியேறுகிறது. மீதிப் பங்கு எஞ்சினின் உடம்பிலேயே இறங்குகிறது. அதை வெளியே எடுத்துப் போவதுதான் குளிர்விக்கும் அமைப்பின் வேலை.

பெல்ட் வாட்டர் பம்பைச் சுற்றுகிறது. பம்ப் தண்ணீரைப் பிளாக்குக்குள் தள்ளுகிறது. தண்ணீர் பிளாக்கிலும் ஹெட்டிலும் சூட்டை வாங்கிக்கொண்டு மேலே வருகிறது. வழியில் தெர்மோஸ்டாட் என்ற சிறிய கதவு இருக்கிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அது மூடியிருக்கும். பல வண்டிகளில் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும். திறந்ததும் சூடான நீர் மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்குப் போகிறது. அங்கே மெல்லிய குழாய்களில் இறங்கும்போது காற்று சூட்டை வாங்கிக்கொள்கிறது. குளிர்ந்த நீர் கீழ் ஹோஸ் வழியாக மீண்டும் பம்புக்கு வருகிறது.

ஆகவே நான்கு காரியங்கள் சரியாக நடக்க வேண்டும். தண்ணீர் நிறைய இருக்க வேண்டும். அது சுற்ற வேண்டும். காற்று ரேடியேட்டருக்குள் புகுந்து வெளியேற வேண்டும். மூடி அழுத்தத்தைத் தாங்க வேண்டும். கொதிப்பு என்பது இந்த நான்கில் ஒன்று கெட்டதற்கான அறிகுறி. காய்ச்சல் வந்தவனுக்குக் காரணம் பார்க்காமல் ஊசி மேல் ஊசி போடுவது போலத்தான், காரணம் தேடாமல் ரேடியேட்டரை மாற்றுவதும்.

எப்போது கொதிக்கிறது?

ஸ்பேனரை எடுக்கும் முன் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

நெரிசலில், மெதுவாகப் போகும்போது கொதிக்கிறது; நெடுஞ்சாலையில் ஏறியதும் முள் இறங்குகிறது என்றால் பேனைச் சந்தேகியுங்கள். வேகமாகப் போகும்போது காற்று தானாக உள்ளே புகும். நிற்கும்போது பேன்தான் இழுக்க வேண்டும்.

மெதுவாகப் போனால் ஒன்றுமில்லை. வேகத்திலும் ஏற்றத்திலும் கொதிக்கிறது என்றால் தண்ணீர் போதுமான அளவு சுற்றவில்லை. ரேடியேட்டர் உள்ளே அடைபட்டிருக்கலாம், கீழ் ஹோஸ் சப்பிப் போகலாம், பெல்ட் வழுக்கலாம். அல்லது எஞ்சினுக்கு ரேடியேட்டரே சிறிதாக இருக்கலாம்.

காலையில் கிளப்பிய சில நிமிடங்களிலேயே கொதிக்கிறது என்றால் தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கலாம், உள்ளே காற்று அடைத்திருக்கலாம், அல்லது ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம்.

தண்ணீர் மாற்றிய பிறகுதான் தொடங்கியது என்றால் பெரும்பாலும் உள்ளே காற்று அடைத்திருக்கிறது.

சோதனைகள், செலவில்லாதது முதலில்

எல்லாச் சோதனைகளையும் எஞ்சின் முழுதாக ஆறிய நிலையில் தொடங்குங்கள். எஞ்சினை ஓட்டிப் பார்க்க வேண்டியபோது துப்பட்டா, தொங்கும் சட்டைக் கை, கைலி ஆகியவை பேனுக்கும் பெல்ட்டுக்கும் அருகில் வரக் கூடாது. மின்சாரப் பேன் சில வண்டிகளில் சாவியை அணைத்த பிறகும் தானாகச் சுற்றத் தொடங்கும். சிறுவர்களை அருகில் விடாதீர்கள்.

1. உண்மையிலேயே கொதிக்கிறதா? நாமே கட்டிய வண்டியில் சென்சார் ஒரு கம்பெனி, மீட்டர் வேறு கம்பெனி என்று அமைந்துவிடுவது சகஜம். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மீட்டர் பொய் சொல்லும். எர்த் வயர் சரியில்லாவிட்டாலும் அப்படியே. சென்சாரைக் கழற்றி, வயரைத் தனியாக நீட்டி இணைத்து, அதன் உடம்புக்கு எர்த் கொடுத்து, முனையைக் கொதிக்கும் தண்ணீரில் வையுங்கள். மீட்டர் 100 டிகிரியை ஒட்டிக் காட்ட வேண்டும்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் குறைந்து சென்சார் வெளியே தெரிந்துவிட்டால், எஞ்சின் எரிந்துகொண்டிருக்கும்போதே முள் கீழே இறங்கும். கம்பம்மெட்டு ஏற்றத்தில் நடந்தது இதுதான். உச்சிக்குப் போன முள் திடீரென்று விழுந்தால் மகிழ்ச்சி அடையாதீர்கள். உடனே ஓரம் கட்டி எஞ்சினை அணையுங்கள்.

2. நீர் அளவும் கசிவும். இரவில் வண்டிக்கு அடியில் பழைய அட்டைப் பெட்டியை விரித்து வைத்து, காலையில் ஈரம் எங்கே என்று பாருங்கள். ஹோஸ் கிளிப்புகள், வாட்டர் பம்பின் அடியில் உள்ள சிறிய துளை, ரேடியேட்டரின் ஓரங்கள் ஆகிய இடங்களில் வெள்ளை அல்லது துருக் கறை இருந்தால் அங்கே கசிகிறது.

3. மூடி. ரப்பர் வளையம் வெடித்திருந்தாலோ, ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ அழுத்தம் நிற்காது. தண்ணீர் முன்கூட்டியே கொதித்து வெளியே போகும். மூடியில் ஆழம் கூடியது, குறைந்தது என்று வகை உண்டு. திருகும்போது பொருந்துவது போலத் தெரிந்தாலும், ரப்பர் உள்விளிம்பைத் தொடாவிட்டால் அது வெறும் தட்டுதான். ரேடியேட்டரை மாற்றும் முன் மூடியை மாற்றிப் பாருங்கள்.

4. பெல்ட். இரண்டு சக்கரங்களுக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 12 மில்லிமீட்டர் வரை இறங்கலாம். அதற்கு மேல் என்றால் தளர்வு. பளபளப்பு, வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள்.

5. ஹோஸ். கீழ் ஹோஸ் பம்பு உறிஞ்சும் பக்கம். பழைய ஹோஸ் மெத்தென்று ஆகியிருந்தால் வேகத்தில் சப்பி ஒட்டிக்கொண்டு தண்ணீரை அடைக்கும். இதைத் தடுக்கச் சில ஹோஸ்களுக்குள் சுருள் கம்பி இருக்கும். ஒருவர் ஆக்சிலரேட்டரை மிதிக்க, இன்னொருவர் தள்ளி நின்று கீழ் ஹோஸைக் கவனித்தால் தெரிந்துவிடும்.

6. பேன். எஞ்சின் ஓடும்போது ஒரு காகிதத்தை ரேடியேட்டரின் முன்பக்கம் காட்டுங்கள். பேன் காற்றை இழுத்தால் காகிதம் ஒட்டிக்கொள்ளும். பறந்து போனால் மின்சாரப் பேனின் இரண்டு வயர்கள் மாறியிருக்கின்றன. அது நிற்கும்போது காற்றை முன்னால் தள்ளுகிறது, ஓடும்போது வரும் காற்றோடு சண்டை போடுகிறது. எஞ்சின் சுற்றும் பேனை முன்பின்னாக மாட்டிவிட்டால் இழுக்கும் திசை மாறாது, ஆனால் இழுக்கும் அளவு குறைந்துவிடும்.

7. ரேடியேட்டர். வெளியே பூச்சி, சேறு, வைக்கோல் அடைத்திருந்தால் எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் அடியுங்கள். வேகமாக அடித்தால் தகடுகள் மடிந்துவிடும். உள் அடைப்பைப் பார்க்க, எஞ்சின் சூடானதும் அணைத்து, மின்சாரப் பேனின் இணைப்பைக் கழற்றிவிட்டு, வெப்பமானித் துப்பாக்கியால் ரேடியேட்டர் முகத்தில் அங்கங்கே அளந்து பாருங்கள். சூடு நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம் வரை படிப்படியாகக் குறைய வேண்டும். நடுவில் ஓர் இடம் மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கே குழாய் அடைத்திருக்கிறது.

8. தெர்மோஸ்டாட். கழற்றி, சமையலுக்குப் பயன்படுத்தாத பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, நூலில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். அதன் மேல் அச்சிட்டிருக்கும் வெப்பத்தை ஒட்டித் திறக்க வேண்டும். 'அதைக் கழற்றி எறிந்துவிட்டால் கொதிக்காது' என்று பலர் சொல்வார்கள். அது எப்போதும் உண்மையல்ல. சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது குறுக்குவழிக் குழாயை அடைக்கிறது. அதை எடுத்துவிட்டால் சூடான நீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே எஞ்சினுக்குத் திரும்பும், கொதிப்பு கூடும். மற்ற எஞ்சின்களிலும் சூடேறாமலே ஓடித் தேய்மானம் அதிகமாகும், டீசலும் வீணாகும்.

9. ஹெட் கேஸ்கெட். ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து, தண்ணீரை நிரப்பி, எஞ்சினைக் கிளப்புங்கள். முதலில் சில குமிழிகள் வருவது இயல்பு. காற்று எல்லாம் போன பிறகும் குமிழி நிற்காமல் வந்து, ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது தண்ணீர் துப்பினால் எரிவாயு தண்ணீருக்குள் கசிகிறது. எஞ்சின் ஆயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருப்பதும், சைலன்சரில் வெண்புகை ஓயாமல் வருவதும் துணைச் சாட்சிகள். இதுதான் பெரிய செலவு. அதனால்தான் இதைக் கடைசியில் வைத்தோம். மற்ற எட்டையும் பார்க்காமல் ஹெட்டை இறக்க யாரையும் விடாதீர்கள்.

அந்த ஜீப்பில் என்ன கிடைத்தது?

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து இதே வரிசையில் அந்த ஜீப்பைப் பார்த்தோம். பெல்ட், ஹோஸ், தெர்மோஸ்டாட் சரி. புதிய ரேடியேட்டரும் புதிய பம்பும் சரி. குமிழிச் சோதனையிலும் குறை இல்லை. தவறு மூன்று இடங்களில் இருந்தது.

முதலாவது, உயரம். பழைய பெட்ரோல் எஞ்சினைவிட டீசல் எஞ்சின் உயரம் கூடியது. அதன் தெர்மோஸ்டாட் வாய், ரேடியேட்டர் மூடியைவிட நான்கு விரல் மேலே இருந்தது. மேல் ஹோஸ் ஒட்டக முதுகு போல வளைந்து போனது. காற்று எப்போதும் உயரமான இடத்தைத் தேடிப் போகும். மூடி வரை தண்ணீர் நிறைந்துவிட்டதாகத் தெரிந்தாலும் ஹெட்டின் மேல்பகுதியில் காற்றுதான் இருந்தது. எஞ்சினிலேயே அதிகச் சூடான இடம் ஹெட். அங்கே தண்ணீர் தொடவே இல்லை. புதிய ரேடியேட்டரை அதே பழைய இடத்தில் வைத்ததால் அந்தக் குறையும் அப்படியே தொடர்ந்தது.

இரண்டாவது, பேன் கவர். எஞ்சினைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி வைத்ததால் பேனுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே பெரிய இடைவெளி விழுந்தது. சுற்றிலும் கவர் இல்லை. பேன் ரேடியேட்டர் வழியாக இழுக்காமல் பக்கவாட்டிலிருந்து எஞ்சின் சூட்டுக் காற்றையே இழுத்துச் சுற்றவிட்டுக்கொண்டிருந்தது. காகிதம் ஒட்டவில்லை, வெறுமனே ஆடியது.

மூன்றாவது, மூடி. ஆழம் ஒத்துவராத மூடி. அழுத்தம் நிற்கவே இல்லை. தினமும் தண்ணீர் குறைந்ததற்கு இதுவே காரணம். எஞ்சின் அந்த அளவுக்குக் காய்ந்து கொதித்ததால்தான் அழுத்தம் நிற்காத மூடியிலும் தம்பியின் கை வெந்தது. மூடி பழுதாக இருந்தாலும் ஆவி ஆவிதான்.

தீர்வு எளிது. எஞ்சினின் உச்சியைவிட உயரமாக, டேஷ்போர்டுக்கு முன்னால் உள்ள தகட்டில் ஒரு சிறிய டேங்கைப் பொருத்தினோம். அழுத்தம் தாங்கும் மூடி அந்த டேங்குக்கு வந்தது. ரேடியேட்டரின் பழைய வாய்க்கு அழுத்தத்தை விடாத முழு மூடி போட்டு இறுக்கினோம். தெர்மோஸ்டாட் வாயின் உச்சியிலிருந்தும் ரேடியேட்டரின் உச்சியிலிருந்தும் மெல்லிய ஹோஸ்கள் அந்த டேங்குக்குப் போகின்றன. காற்று அவற்றின் வழியே தானாக ஏறி வெளியேறும். டேங்கின் அடியிலிருந்து இன்னொரு ஹோஸ் பம்பின் உறிஞ்சும் பக்கத்துக்குத் தண்ணீரைத் தருகிறது. தகரத்தில் பேன் கவர் அடித்தோம். இறகின் அகலத்தில் ஏறக்குறைய பாதி கவருக்குள் இருக்கும்படி வைத்தோம். ரேடியேட்டரின் ஓரங்களில் இருந்த சந்துகளை ரப்பர் பட்டையால் அடைத்தோம். காற்று எப்போதும் எளிதான வழியில் நழுவப் பார்க்கும்.

மூன்றுக்கும் ஆன மொத்தச் செலவு, அந்தப் பிள்ளைகள் வீணாக வாங்கிய ரேடியேட்டரின் விலையில் சிறு பகுதிதான். அதன் பிறகு காலி வண்டியாகவும், பாரம் ஏற்றியும் அதே ஏற்றத்தில் ஏறிப் பார்த்தார்கள். முள் நடுவைத் தாண்டவில்லை.

சொந்தமாகக் கட்டுபவர்கள் கவனிக்க வேண்டியவை

கம்பெனியில் வந்த வண்டியில் உயரம், பேன், பம்பு எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி யோசித்து வைத்திருப்பார்கள். நாம் கட்டும்போது அந்த யோசனை நம் பொறுப்பு.

பெல்ட் ஓடும் வழியை மாற்றினால் பம்பு தலைகீழாகச் சுற்றக்கூடும். பம்பின் சக்கரத்தைப் பெரிதாக மாற்றினால் மெதுவாகச் சுற்றும். முன்பக்கம் கூடுதல் விளக்குகள், பெயர்ப் பலகை, அலங்காரக் கம்பி எல்லாம் சேர்ந்தால் காற்றின் வாய் அடைபடும். உள்ளே வந்த காற்று வெளியேறவும் வழி வேண்டும். எஞ்சின் அறையை முழுதாக அடைத்துவிட்டால் புதுக் காற்று நுழையாது. முதல் தடவை தண்ணீர் நிரப்பும்போது வண்டியின் முன்பக்கம் மேட்டில் நிற்கும்படி நிறுத்தி, மெதுவாக ஊற்றி, ஹோஸ்களைப் பிசைந்து காற்றை வெளியேற்றுங்கள். ஓட்டி ஆறவைத்து மறுபடி அளவு பாருங்கள்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றி அமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. வேறு எஞ்சின் வைப்பதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு அனுமதி பெறுங்கள். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் கேட்பதே அந்தச் சான்றைத்தான். ஆள் ஏற்றிக் கூலி வாங்குவதற்குத் தனி பெர்மிட்டும் வேண்டும்.

வழியில் கொதித்தால்

ஏசி இருந்தால் அணையுங்கள். ஹீட்டர் இருந்தால் முழுச் சூட்டில் வையுங்கள். அது எஞ்சின் சூட்டில் கொஞ்சத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டுங்கள். ஆவி வந்தாலோ, பெல்ட் அறுந்திருந்தாலோ எஞ்சினை உடனே அணையுங்கள். பெண்களையும் குழந்தைகளையும் இறக்கிச் சாலைக்கு எதிர்ப்பக்கம் அல்லாமல், உள்பக்க நிழலில் உட்கார வையுங்கள். எஞ்சின் மேல் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், ஹெட் வெடித்துவிடும். ஆறிய பிறகு சிறிது சிறிதாக நிரப்புங்கள். தண்ணீர் நிற்காமல் ஒழுகினால் ஓட்டிப் போக ஆசைப்படாமல் இழுத்துச் செல்ல வண்டி கூப்பிடுங்கள்.

தண்ணீரா, கூலண்டா?

ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் கூடாது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிவது போன்ற சுண்ணாம்பு எஞ்சினுக்குள்ளும் படிந்து சூட்டைத் தடுக்கும். டிஸ்டில்டு வாட்டரில் கூலண்டைக் கலந்து ஊற்றுவதே சிறந்தது. கலக்கும் அளவு டப்பாவில் இருக்கும். வண்டிப் புத்தகம் சொன்ன வகையை வாங்குங்கள், இரண்டு வகைகளைக் கலக்காதீர்கள். கூலண்ட் துருவைத் தடுக்கும், கொதிநிலையையும் உயர்த்தும்.

தாய்மார்கள் கவனிக்க: பெரும்பாலான கூலண்டில் எத்திலீன் கிளைகால் என்ற நஞ்சு இருக்கிறது. அது இனிக்கும். நிறமும் சர்பத் போல இருக்கும். குடிதண்ணீர் பாட்டிலில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். தரையில் சிந்தியதைக் குழந்தைகளும் பூனைகளும் நக்கும் முன் கழுவிவிடுங்கள். யாராவது குடித்துவிட்டால், நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

தொழில் பழகும் பிள்ளைகளுக்கு

வாடிக்கையாளர் வண்டியையும் பணத்தையும் நம்பி நம்மிடம் ஒப்படைக்கிறார். இரண்டும் அமானிதம். மூடி மாற்றினால் தீரும் பழுதுக்கு ரேடியேட்டரை விற்பதும், ஆராயாமல் ஹெட்டை இறக்குவதும் அந்த அமானிதத்துக்குச் செய்யும் துரோகம். 'எனக்குப் பிடிபடவில்லை, இன்னொருவரிடம் கேட்டுச் சொல்கிறேன்' என்று சொல்வதில் வெட்கம் இல்லை. அப்படிச் சொல்பவரிடம்தான் ஊர் திரும்பத் திரும்ப வரும்.

பயிற்சிக் கேள்விகள்

1. ஊர்க்கடைவீதியில் கொதிக்கிறது, தேனி சாலையில் ஆறிவிடுகிறது. முதலில் எதைப் பார்ப்பீர்கள்?
2. முள் உச்சிக்குப் போய்த் திடீரென்று விழுந்தது. என்ன அர்த்தம்?
3. தண்ணீர் மாற்றிய மறுநாள் முதல் கொதிக்கிறது. புதிய ரேடியேட்டர் வாங்கலாமா?
4. அத்தா அவசரமாகப் போக வேண்டும் என்கிறார், மேல் ஹோஸ் இன்னும் சுடுகிறது. மூடியைத் திறக்கலாமா?

விடைகள்: 1. பேன், பேன் கவர். 2. சென்சாரைத் தண்ணீர் தொடவில்லை. உடனே அணைக்க வேண்டும். 3. வேண்டாம், முதலில் காற்றை வெளியேற்றுங்கள். 4. கூடாது. அத்தாவிடம் இந்த இதழைக் காட்டுங்கள்.

வண்டி வைத்திருப்பவர்கள் இந்த ஒன்பது சோதனைகளையும் வெட்டி எடுத்து வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கை வெந்த அந்தத் தம்பி கட்டு பிரித்ததும் முதல் வேலையாக ஜீப்பின் மூடிக்கு அருகில் சிவப்புப் பெயிண்டில் 'ஆறட்டும்' என்று எழுதியிருக்கிறான். நம் வீட்டு வண்டிகளிலும் எழுதி வைப்போம். அல்லாஹ் நம் பயணங்களைப் பாதுகாப்பானவையாக ஆக்குவானாக. ஆமீன்.